வள்ளத்தில் தேங்கிய தண்ணீரும் இரண்டு கிழமை இருமலும்

"எங்கட பக்கம் கிணறும் உப்பு, களப்பும் உப்பு. இதுல எங்க டொக்டர் டெங்கு நுளம்பு?"

கற்பிட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு மழைக்காலமும் கழிந்ததில்லை. கேட்பவரின் மடியில் பெரும்பாலும் காய்ச்சலில் துவண்ட ஒரு பிள்ளை இருக்கும். அந்த நம்பிக்கை மடத்தனமானது என்று நான் சொல்லமாட்டேன். டெங்கு நுளம்பு சுத்தமான நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பாடப்புத்தகமும் சொன்னது, நாங்களும் மேடை போட்டுச் சொன்னோம். புத்தளத்துக் களப்போரத்து மக்கள் அதைக் கேட்டுவிட்டு, தங்களுக்கு அது பொருந்தாது என்று முடிவெடுத்ததில் நியாயம் உண்டு. பிழை எங்கள் பாடத்தில்தான் இருந்தது.

அந்தப் பாடத்தைத் திருத்தியவர்கள் நம் நாட்டு ஆய்வாளர்கள். ரஞ்சன் ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் அவர்களோடு சேர்ந்தவர்களும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரமாக நடந்து, கைவிட்ட வள்ளங்களிலும், பாவனையில் இல்லாத கிணறுகளிலும், எறிந்து கிடந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும் தேங்கிய உவர் நீரை அகப்பையால் அள்ளிப் பார்த்தார்கள். டெங்கைக் காவும் இரண்டு இனங்களின் குடம்பிகளும் அதில் இருந்தன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்பு இருந்த தண்ணீரிலும் அவை வளர்ந்தன, நுளம்பாகிப் பறந்தன. 2011ஆம் ஆண்டு அந்த முடிவுகள் வெளியாயின. யாழ்ப்பாண நகரில் அப்படிப்பட்ட உவர் நீர்த் தேக்கங்களுக்குப் பக்கத்திலேயே டெங்கு கூடுதலாகக் காணப்பட்டதையும் அவர்கள் குறித்திருந்தார்கள்.

கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அதனால் கடலில் டெங்கு நுளம்பு வளராது, உப்பளத்துப் பாத்தியிலும் வளராது. வெயிலில் வற்றி உப்பு இறுகிய களப்போரத்துக் குட்டையும் அதற்கு ஆகாது. ஆபத்து மழை விழுந்த பிறகு தொடங்குகிறது. கரையில் இழுத்துப் போட்ட வள்ளத்தின் அடியில் கொஞ்சம் கடல் தண்ணீர் கிடக்கும். அதன் மேல் இரண்டு நாள் மழை பெய்தால் உப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் கலப்பு நுளம்புக்குப் போதும். நம் ஊரில் ஐப்பசி மழை தொடங்கும் காலத்தில் கரையில் கிடக்கும் வள்ளங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே முதல் வேலையை வீட்டுக்குள் தொடங்காதீர்கள். வாடியில் தொடங்குங்கள். ஓடாத வள்ளத்தைக் கவிழ்த்துப் போடுங்கள். கவிழ்க்க முடியாத பெரிய வள்ளமானால் அடித் தக்கையைக் கழற்றிவிட்டு, தண்ணீர் வடியும்படி அணியத்தைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். மீன் அடைத்து வந்த றெஜிபோம் பெட்டிகள் உடைந்த பிறகு யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கின்றன. ஒரு கையளவு தண்ணீர் தேங்கினாலும் நுளம்புக்கு அது போதும். வள்ளம் மோதாமல் கட்டும் பழைய டயரில் இரண்டு மூன்று ஓட்டை போடுங்கள். வலைக்கு மேல் விரித்த பொலித்தீன் விரிப்பின் மடிப்புகளில் மழைத் தண்ணீர் தங்காமல் இழுத்துக் கட்டுங்கள். இறால் பண்ணைக்காரர்களுக்கு ஒரு சொல்: கைவிட்ட பெரிய குளத்தில் டெங்குக் குடம்பியைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பக்கத்தில் கிடக்கும் சீமெந்துத் தொட்டி, வாளி, பெரல், குழாய்த் துண்டு ஆகியவற்றைப் பாருங்கள். அந்த நுளம்பு பாத்திரத்தை விரும்புகிற நுளம்பு.

வீட்டுக்குள் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. பாவிக்காத கொமட்டிலும், எறும்பு ஏறாமல் அலுமாரிக் காலுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாது. 15 கிராமிலும் குடம்பி பிழைக்கிறது என்று தெரிந்த பிறகு, கடலளவு உப்பாவது வேண்டும். லீற்றருக்கு மேசைக்கரண்டியால் இரண்டு கரண்டி, குவித்துப் போடுங்கள். மழை நனைக்கும் இடமானால் உப்பை நம்பவே வேண்டாம், தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்கிறோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் அரை மணி நேரம், அல்லது ஞாயிறு பூசை முடிந்து வந்து அரை மணி நேரம் என்று உங்கள் வீட்டுக்கு ஏற்ற ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கொட்டுவது மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உள்விளிம்பில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கறுப்புத் தூசி போல ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். பெரலையும் தொட்டியையும் தும்பால் தேய்த்துக் கழுவினால்தான் அவை போகும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இருந்தாலும் தேய்க்காத பெரல்களைத்தான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன்.

இனிக் காய்ச்சல். 2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. இறந்தவர்கள் 400க்கு மேல். அந்த ஆண்டு நாங்கள் எல்லோரும் படித்த பாடம், காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதி வைப்பதுதான். கலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் நிற்காவிட்டால் இரத்தப் பரிசோதனை, முழு எண்ணிக்கை, அன்றே. கர்ப்பிணி, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை, சீனி வருத்தக்காரர் என்றால் முதல் நாளே ஆஸ்பத்திரி. பத்தலங்குண்டிலோ வேறு தீவிலோ வாடி போட்டிருப்பவர்கள் மூன்றாம் நாள் வரை அங்கே இருக்கவேண்டாம். கடல் குழம்பினால் ஐந்தாம் நாள் வள்ளம் ஓடாது.

பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நிறைக்கேற்ற அளவில். உடம்பு வலி தாங்கவில்லை என்று டிக்லோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின், மெபனாமிக் அசிட் எதையும் பாமசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்தக்கசிவைக் கூட்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்க வைக்காமல் கஞ்சி, ஜீவனி, இளநீர், பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம்; வாந்தி எடுத்தால் இரத்தமா என்று எங்களுக்குத் தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதை நம்பிக்கொண்டு வீட்டில் ஒரு நாள் கூடுதலாக இருப்பதுதான் எனக்குப் பயம்.

எல்லோரும் தட்டணு எத்தனை என்று கேட்கிறார்கள். உயிரை எடுப்பது பெரும்பாலும் அதுவல்ல. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதுதான் ஆளைச் சாய்க்கிறது, அதுவும் காய்ச்சல் இறங்கும் வேளையில். பிள்ளை குளிர்ந்துவிட்டது, சுகமாகிவிட்டது என்று வீட்டார் மூச்சு விடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நாட்கள். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் சில்லிடுதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, தூங்கித் தூங்கி விழுதல், முரசில் இரத்தம். இதில் ஒன்று கண்டாலும் இரவா பகலா என்று பார்க்காதீர்கள்.

மலேரியாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நாம் வென்றிருக்கிறோம். 1934, 35இல் ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டுபோன நோய் அது. உள்நாட்டுத் தொடர் பரவலில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. அதே ஆண்டு முடிவில் நமக்கு வடக்கே மன்னாரில், அதுவரை இந்நாட்டில் இல்லாத அனொபிலிஸ் ஸ்டெபன்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வளர்ந்து, நகரத்துக்குள்ளேயே மலேரியா பரப்பும் நுளம்பு அது. ஆகவே கிணற்றுக்கும் டேங்குக்கும் வலை போட்டு மூடுங்கள். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ வியாபாரத்துக்குப் போகிறவர்கள் மலேரியா தடுப்பு இயக்கத்தில் கேட்டால் தடுப்புக் குளிசை இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், "நான் இன்ன நாட்டுக்குப் போய்வந்தேன்" என்பதையே டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். யானைக்கால் நோய் பரவியிருந்த எட்டு மாவட்டங்களில் புத்தளமும் ஒன்று. அதுவும் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை அல்ல என்று 2016இல் சான்று கிடைத்தது. எனினும் சாக்கடைத் தண்ணீரில் வளர்ந்து அதைக் காவும் நுளம்பு இங்கேயேதான் இருக்கிறது.

இதுவரை சொன்னது ஊர் வெளிப்படையாகப் பேசும் வருத்தங்கள். டெங்கு வந்தால் பக்கத்து வீட்டார் கஞ்சி கொண்டுவருவார்கள். அடுத்ததைக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். சில வேளை கேட்பதே இல்லை. கூட வந்தவர் வெளியே போகட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

காசநோயைச் சொல்கிறேன். இந்த நாட்டில் ஆண்டுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேருக்குக் கண்டுபிடிக்கப்படுகிறது. கண்டுபிடிக்கப்படாமல் இருப்பவர்கள் ஊருக்குள் இருமிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கரையில் அதற்கு வசதி நிறைய: ஒரே வாடியில் பத்துப் பேர் படுக்கிறார்கள், காற்று வரும் பக்கத்தைத் தகரத்தால் அடைக்கிறார்கள், பீடி புகைகிறது, பருவத்துக்குப் பருவம் தொழிலுக்கு ஊர் மாறுகிறார்கள், சீனி வருத்தம் கூடிக்கொண்டு போகிறது. சீனி உள்ளவருக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. ஆகவே சீனி கிளினிக்குக்குப் போகிறவர் இருமலைச் சொல்லவேண்டும். காசநோய் கண்டவரும் சீனி பார்க்கவேண்டும்.

கணக்கு இதுதான்: இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளிப் பரிசோதனை. பின்னேரக் காய்ச்சல், இரவில் உடுப்பு நனையும் வியர்வை, நிறை குறைதல், சளியில் இரத்தம் ஆகியவை வரும்வரை காத்திருக்கவேண்டாம். தூசி, உப்புக் காற்று, புகையிலை என்று ஒவ்வொருவரும் தங்கள் இருமலுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். ஒரு டிஸ்பென்சரியில் ஒரு போத்தல், இன்னொன்றில் இன்னொரு போத்தல் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். அதிலும் லெவோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி காசநோய்க் கிருமியை முழுவதுமாகக் கொல்லாமல், கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். இருமல் குறையும், சோதனையில் தப்பிவிடும், பிறகு பலமாக எழும். ஒரு முறை மருந்து எடுத்துச் சுகமாகாவிட்டால் இரண்டாவது போத்தலுக்குப் போகாமல் செஸ்ட் கிளினிக்குக்குப் போங்கள். துண்டு வேண்டியதில்லை, காசு வேண்டியதில்லை.

சளி கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு "ஒன்றுமில்லையாம்" என்று வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் எழுந்தவுடன் வாயை வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். வீட்டுக்கு வெளியே, ஆள் இல்லாத பக்கம் நின்று மூன்று முறை ஆழ மூச்சிழுங்கள். பிறகு அடிவயிற்றிலிருந்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் கட்டியான சளியைப் பெட்டியில் துப்பி மூடுங்கள். கழுத்தில் வலியில்லாத கட்டி மாதக்கணக்கில் இருக்கிறது என்றால் அதையும் காட்டுங்கள். காசநோய் நெஞ்சுக்கு மட்டும் வருவதில்லை.

"எனக்குச் சின்னதில் ஊசி போட்டது, தழும்பு இருக்கிறது, எப்படி வரும்?" இந்தக் கேள்விக்கான பதில் தமிழ்நாட்டில் கிடைத்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில், பெரியவர்களின் நெஞ்சுக் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிறு குழந்தையை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடுகிறோம். நாற்பது வயதுக்காரருக்கு அந்தத் தழும்பு கேடயமல்ல.

அதைவிட முக்கியமான பதிலும் அந்த மண்ணிலிருந்தே வந்தது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கியது. வாலஸ் பொக்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் அதை முன்னின்று நடத்தினார். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பாதியினரை நல்ல சாப்பாடும் ஓய்வும் காற்றோட்டமும் உள்ள சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியினரைக் குடிசை வீட்டுக்கே அனுப்பி மருந்து கொடுத்தார்கள். நெரிசலான வீடு, குறைந்த சாப்பாடு, வேலைக்கும் போகவேண்டிய நிலை. அப்படியிருந்தும் ஓராண்டு முடிவில் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே அளவில் சுகமானார்கள். அதைவிட, வீட்டிலிருந்து மருந்தெடுத்தவர்களின் பிள்ளைகளுக்கும் மனைவி கணவருக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959இல் அது வெளியான பிறகு உலகம் முழுவதும் காசநோய் ஆஸ்பத்திரிகளின் தேவை மெல்லக் குறைந்தது.

புத்தளத்து வீடுகளுக்கு இது என்ன சொல்கிறது? வாப்பாவைப் பின்கட்டில் தனியே படுக்கவிட்டு, பீங்கானையும் கோப்பையையும் ஒதுக்கி வைப்பதில் பலனில்லை. கிருமி பீங்கானால் பரவாது, உடுப்பால் பரவாது, கை கொடுப்பதால் பரவாது. நோயாளி இருமும்போது வரும் காற்றால் பரவும், அதுவும் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்னரே பரவியிருக்கும். சரியான மருந்து உள்ளே போனதும் தொற்று வேகமாகக் குறைகிறது. முதல் சில கிழமை இருமும்போது வாயை மூடட்டும், சன்னலைத் திறந்து வையுங்கள், பகல் வெளிச்சம் உள்ளே வரட்டும். அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரையும் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மறக்கவே வேண்டாம், அவர்களுக்குத் தடுப்பு மருந்து உண்டு. பால் கொடுக்கும் தாய் பாலை நிறுத்தவேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பற்றி 2023இல் ஒரு நல்ல செய்தி வந்தது. இந்தியாவின் ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கு அரிசி, பருப்பு, சத்துக்குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சத்துள்ள சாப்பாடு என்றால் ஹோர்லிக்ஸ் டின் என்று நினைக்காதீர்கள். கருவாடும் சாளையும் முருங்கைக் கீரையும் பருப்பும் முட்டையும் இந்த ஊரில் எட்டாதவை அல்ல. நோயாளிக்கு மட்டும் ஒதுக்காமல் வீடு முழுக்கச் சாப்பிடுங்கள்.

ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு. மூன்று நான்கு கிழமையில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், நிறை ஏறும். அந்த இடத்தில்தான் நிறையப் பேர் நிறுத்துகிறார்கள். வேகமாகப் பெருகும் கிருமிகள் முதலில் சாகின்றன. மந்தமாகக் கிடப்பவை மீதியிருக்கும். பாதியில் விட்டால் மருந்துக்கு அசையாத வகை எழும்பி வரும், அதற்கு வைத்தியம் இன்னும் நீளம், இன்னும் கடினம்.

குளிசை தொடங்கும் அன்றே தெரிந்திருக்க வேண்டியவை சில. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அது மருந்தின் நிறம், இரத்தமல்ல. கண் மஞ்சளித்தால், விடாமல் குமட்டினால், பார்வை மங்கினால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்பத்தடைக் குளிசை பாவிக்கும் பெண்கள் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், ரிபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும், வேறு முறை வேண்டும். நோன்பு காலத்தில் மருந்தை நிறுத்தாதீர்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. உடல் தேறி, நோன்பு பிடித்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர் கிளினிக்கில் கேட்டால், ஒரு வேளைக் குளிசையைச் சஹர் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்வார்கள். சோளகத்துக்குக் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் வாடியைக் கட்டுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். போகும் மாவட்டத்து செஸ்ட் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள், அங்கே மருந்து தொடரும். சொல்லாமல் போய் மருந்தை விட்டவர் திரும்பி வந்தாலும் திட்டு வாங்கப் பயந்து ஒளிக்கவேண்டாம். எத்தனை நாள் விட்டீர்கள் என்ற எண்ணிக்கை மட்டும் எங்களுக்குச் சரியாக வேண்டும்.

சென்ற மாதம் ஒரு தாய் கேட்டார்: மகள் மருந்து முடித்து இரண்டு வருடமாகிறது, கலியாணம் பேசுகிறார்கள், கிளினிக் அட்டையைக் கிழித்துவிடவா? உங்கள் மகள் சுகமானவள், உம்மா. பிள்ளை பெறுவதற்கும் பால் கொடுப்பதற்கும் ஒரு தடையும் இல்லை, யாருக்கும் அவளிடமிருந்து தொற்றாது. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் தீர்மானிக்கவேண்டும். சொல்ல விரும்பினால் என்னிடம் கூட்டிவாருங்கள், நானே விளக்குகிறேன். அட்டையை மட்டும் கிழிக்காதீர்கள். என்றாவது மீண்டும் இருமல் வந்தால், முன்பு எந்த மருந்தை எத்தனை மாதம் எடுத்தாள் என்பது அதில்தான் எழுதியிருக்கிறது; அதைப் பார்த்துத்தான் சளியில் எந்தச் சோதனையைச் செய்வது என்று கிளினிக்கில் தீர்மானிப்பார்கள். பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் பையிலேயே அதையும் வையுங்கள்.